குழந்தைக்கு எதை ஊட்டுவது? எவ்வளவு ஊட்டுவது?

நம் தோழியரில் பலருடைய வீட்டில் ஒரு கைக்குழந்தை உண்டு. சிலருக்குத் தம்பி, சிலருக்குத் தங்கை, சிலருக்கு அக்காள் பெற்ற மகவு. அம்மா தேயிலை பறிக்கவோ, கேரட் தோட்டத்துக்கோ, அலுவலகத்துக்கோ காலையில் புறப்பட்டுவிட்டால், அக்குழந்தைக்குப் பகலில் ஊட்டுவது பாட்டி. பள்ளி விட்டு வந்ததும் ஊட்டுவது நாம். ஆகவே குழந்தை உணவைப் பற்றி எழுதும்போது தாய்மாருக்கு மட்டும் எழுதினால் போதாது என்று எண்ணி, அக்காமாருக்கும் பாட்டிமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

மாலை நாலரை மணிக்குக் காந்தல் முக்கோணத்தில் இறங்கி நடந்து வீட்டுக்குள் நுழைகிறோம். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு தம்ளர். பாட்டியின் மடியில் இருக்கும் ஒன்பது மாதக் குழந்தைக்கு அதே தேநீரில் தோய்த்த வர்க்கி. குழந்தை அதைச் சப்பிச் சப்பித் தின்கிறது, சிரிக்கிறது, சற்று நேரத்தில் உறங்கியும் போகிறது. "வயிறு நிறைஞ்சிடுச்சு, தூங்கறான்" என்கிறார் பாட்டி. வயிறு நிறைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை வளர்வதற்கு வேண்டியது அதில் எவ்வளவு இருந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய பெரிய அறிஞர்கள் நமக்கு அண்டை அயலார் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் குன்னூரில்தான் இந்திய நாட்டின் உணவு ஆராய்ச்சி பிறந்தது. 1918ஆம் ஆண்டு அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையைப் பெற்றுக்கொண்டு, ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 'பெரிபெரி' நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாயிற்று. 1958இல் அது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

மெக்காரிசன் செய்த சோதனைகளில் ஒன்று இன்றும் பாடநூல்களில் பேசப்படுகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் அந்நாளில் உண்ட உணவை அப்படியே சமைத்து, ஒரே வயதுள்ள எலிக்குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பகுதியின் உணவைக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக, பாலும் காயும் அற்பமாக இருந்த சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை எல்லாவற்றுக்கும் பின்தங்கின. இதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது என்பதை மறைக்கவில்லை! ஆனால் அவர் குறை சொன்னது நம் மக்களையன்று, தட்டில் விழுந்த உணவை. நம் மலையில் பாட்டனார் காலத்தில் விளைந்த ராகியும் சாமையும் தவிடு போகாத தானியங்கள்; அந்தச் சோற்றுக்கு இந்தக் குறை பொருந்தாது. இதே மெக்காரிசன் 1928இல் உணவைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். அது மருத்துவர்களுக்காக எழுதியதன்று; இந்தியப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சாரணர், சாரணியர்க்கும் என்று முகப்பிலேயே குறித்து எழுதியது. நம்மைப் போன்ற மாணவியர்க்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றே நினைத்திருக்கிறார்.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற டாக்டர் அய்க்ராய்டு, நம் நாட்டு உணவுப் பொருள்களில் எதில் என்ன சத்து எவ்வளவு என்று அளந்து 1937இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அவர் காலத்தில் ஆராயப்பட்ட ஒரு துயரம் கைக்குழந்தைகளைப் பற்றியது. வட சர்க்கார் எனப்பட்ட இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், தாய்ப்பால் குடித்து நன்றாக இருந்த குழந்தைகள் பிறந்த சில மாதங்களில் திடீரென மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்தன. காரணம் குழந்தையிடம் இல்லை. தாயின் தட்டில் இருந்தது. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியையே தாய்மார் உண்டதால், 'பி1' என்னும் உயிர்ச்சத்து அவர்கள் உடலிலும் இல்லை, பாலிலும் இல்லை. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் இந்நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள அச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. அவித்துக் குத்துவது வேலை மிச்சம் பிடிக்காத பழக்கம்தான், ஆனால் எத்தனை உயிரைக் காத்திருக்கிறது!

மூன்றாமவர் சேலத்தில் பிறந்த நம் தமிழ் நாட்டு டாக்டர் சி. கோபாலன். குன்னூர்க் கூடத்தில் பணியாற்றி, பின் ஐதராபாத்தில் அதன் இயக்குநராகி, 2019இல் தமது நூறாம் வயதில் மறைந்தார். ஏழைத் தாய்மாரின் பாலை அளந்து பார்த்து 1950களில் அவர் எழுதினார்: அரைவயிறு உண்ணும் தாய்க்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பால் சுரக்கிறது, தரத்திலும் அது பெரிதும் குறைவதில்லை. தன் உடம்பைக் கரைத்துத் தாய் அதைத் தருகிறாள். அதன் பிறகு அவர் கண்டது இன்னும் முக்கியமானது. மெலிந்து வீங்கிய குழந்தைகளைக் கண்டால் உலக அறிஞர்கள் அந்நாளில் "புரதம் போதவில்லை, புரத மாவு கொடுங்கள்" என்றார்கள். கோபாலன் குழந்தைகள் உண்பதை நிறுத்துப் பார்த்து, "முதற்குறை புரதமன்று, உணவே போதவில்லை. இதே சோற்றையும் பருப்பையும் வயிறார உண்டால் புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும்" என்று காட்டினார்.

ஆக, எதை என்ற கேள்விக்கு மெக்காரிசனும், எவ்வளவு என்ற கேள்விக்குக் கோபாலனும் விடை கூறினார்கள். இரண்டு விடைகளும் நம் மலையோடு தொடர்புடையவை. இனி அவற்றை அடுப்பங்கரைக்குக் கொண்டுவருவோம்.

முதல் ஆறு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தாய்ப்பால் மட்டும். பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சி வீணாக்காமல் ஊட்ட வேண்டும். சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம். வெந்நீர்கூட வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்து மட்டும் விலக்கு. தாய் வேலைக்குப் போகிறவராயின், பாலைப் பீச்சிச் சுத்தமான மூடிய கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பாட்டி பாலாடையால் புகட்டலாம். ரப்பர் வைத்த பாட்டிலைக் கழுவுவது கடினம், கிண்ணத்தைக் கழுவுவது எளிது. பால்மாவுக்கும் குழந்தை உணவு டப்பாக்களுக்கும் விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதை அறிந்தால், கொழுகொழு குழந்தைப் படங்களை நம்பி மயங்கமாட்டோம்.

ஆறு மாதம் முடிந்ததும் நிலைமை மாறுகிறது. பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் ஆறு கிலோவாகவும், ஓராண்டில் ஒன்பது கிலோவாகவும் வளர வேண்டும். தாய்ப்பால் அதே அளவில் நிற்கிறது. குழந்தையின் தேவை ஏறிக்கொண்டே போகிறது. அந்த இடைவெளியைக் கிண்ணத்து உணவுதான் நிரப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாய்ப்பாலோடு கூட ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300 கலோரியும், ஒன்று முதல் இரண்டு வயதில் 550 கலோரியும் உணவிலிருந்து கிடைக்க வேண்டும்.

கலோரி என்றதும் பயப்பட வேண்டாம். எங்கள் மனையியல் வகுப்பில் இரண்டு கிண்ணம் ராகிக் கஞ்சி வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். முதற் கஞ்சி பல வீடுகளில் வைப்பது போன்றது: ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு, அதாவது சுமார் 10 கிராம். "குழந்தைக்கு லேசாக இருக்கட்டும்" என்று நீர்க்க வைக்கிறோம் அல்லவா, அது. ராகி 100 கிராமில் 328 கலோரி. எனவே அந்தத் தம்ளர் கஞ்சியில் இருப்பது 33 கலோரி. 200 கலோரி வேண்டுமானால் குழந்தை ஆறு தம்ளர் குடிக்க வேண்டும். ஏழு கிலோக் குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும் தெரியுமா? கிலோவுக்கு 30 மில்லி வீதம் 210 மில்லி. ஒரே ஒரு தம்ளர்! நீர்க் கஞ்சியால் வயிறு நிறைகிறது, குழந்தை அழுகையை நிறுத்துகிறது, நாம் ஊட்டியாயிற்று என்று நினைக்கிறோம். மாதக் கணக்கில் இப்படிப் பட்டினி கிடக்கும் குழந்தை ஒருநாளும் பசித்து அழாமலே மெலிந்துபோகலாம். இதைக் கணக்கிட்டு முடித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. தம்பிக்குத் தினமும் அந்தக் கஞ்சியை ஊட்டுகிறவர்கள் எங்களில் மூன்று பேர் இருந்தார்கள்.

இரண்டாவது கஞ்சியில் அதே தம்ளருக்கு இரண்டரைக் கரண்டி மாவு போட்டு, கெட்டியாகக் கிண்டி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நெய் விட்டோம். மாவில் 82, நெய்யில் 45, ஆக 127 கலோரி. அதையே அரைத் தம்ளர் வீதம் மூன்று வேளை ஊட்டினால் ஏறக்குறைய 190. வேலை முடிந்தது! கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஒழுகக்கூடாது, தயங்கித் தயங்கி விழ வேண்டும், இதுதான் பதம். நெய் விலை அதிகமென்றால் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடலாம், கலோரியில் வேறுபாடில்லை.

கெட்டியாக இருந்தால் குழந்தை விழுங்காது என்பார்கள். அதற்கும் நம் நாட்டிலேயே வழி இருக்கிறது: முளை கட்டிய ராகி. ராகியை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். கீழ்நாட்டில் ஒரே நாளில் முளை வரும். உதகைக் குளிரில் இரண்டு மூன்று நாள் ஆகும். அடுப்புக்கு அருகே வைத்தால் விரைவில் வரும். பிறகு காயவைத்து, இலேசாக வறுத்து, அரைத்துச் சலிக்கலாம். முளைக்கும்போது மாவுச்சத்தைக் கரைக்கும் ஒரு நொதி தானியத்தில் உண்டாகிறது. அதனால் அதிக மாவு போட்டாலும் கஞ்சி பசைபோல் இறுகாமல் இளகி நிற்கிறது. தண்ணீர் ஊற்றாமலே இளகுகிறது, அதுதான் விசேஷம். ராகியில் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் என்று பட்டியல் சொல்கிறது. வேறு தானியம் எதுவும் இதன் அருகே வராது.

அளவைப் பொறுத்தவரை, ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் அரைக் கிண்ணம் வீதம் நாளைக்கு இரண்டு மூன்று வேளைக்கு உயர்த்த வேண்டும். இங்கே கிண்ணம் என்பது 250 மில்லி கொள்வது. ஒன்பதாம் மாதத்திலிருந்து அரைக் கிண்ணம் மூன்று நான்கு வேளை. ஓராண்டு ஆனபின் முக்கால் முதல் ஒரு கிண்ணம் மூன்று நான்கு வேளை. இடையே பசித்தால் ஒன்றிரண்டு முறை பழமோ இட்லித் துண்டோ கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தரலாம். அரைத்தும் மசித்தும் கொடுத்ததை எட்டு மாதத்தில் கையால் எடுத்துத் தின்னும் மெதுவான துண்டுகளாக மாற்றி, ஓராண்டில் வீட்டார் உண்பதையே காரமின்றிக் கொடுத்துவிடலாம்.

குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வைக்க வேண்டும் என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்கிறோம். அப்பா தட்டில் ஒரு வாய், பாட்டி தட்டில் ஒரு வாய், அக்கா தட்டில் ஒரு வாய் என்று உண்ணும் குழந்தை செல்லமாக வளரலாம். ஆனால் அது எவ்வளவு உண்டது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தனிக் கிண்ணத்தில் மீந்தது கண்ணுக்குத் தெரியும்.

இனி எதை என்ற கேள்விக்கு வருவோம். ராகிக் கஞ்சியே மூன்று வேளையும் போதுமா? போதாது. பிறக்கும்போது குழந்தை தன் உடம்பில் சேர்த்துக்கொண்டுவந்த இரும்புச் சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கும், தமிழ் நாட்டில் 57 பேருக்கும் இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை போதிய உணவு பெறும் இந்தியக் குழந்தைகள் நூற்றுக்குப் பதினொருவரே. வீட்டில் அரிசி இல்லாமலா? பெரும்பாலான வீடுகளில் அரிசி இருக்கிறது. அரிசியோடு மற்றது கிண்ணத்துக்கு வரவில்லை.

மற்றது என்ன? நாள்தோறும் ஏதேனும் ஒரு பருப்பு அல்லது பயறு, ஒரு காய் அல்லது கீரை, ஒரு பழம், முட்டை, மீன், இறைச்சி உண்ணும் வீடாயின் அதில் ஒன்று. முட்டை மஞ்சட்கருவை முதலில், வெள்ளையை ஓராண்டுக்குப் பின் என்ற பழைய விதி இப்போது இல்லை. ஆறு மாதம் முடிந்தபின் நன்கு வெந்த முழு முட்டையை மசித்துத் தரலாம். ஈரல் மலிவு, அதில் இரும்பு மிகுதி. வேகவைத்துச் சந்தனமாய் அரைத்துச் சோற்றில் பிசையலாம். மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டார் பருப்பும் கீரையும் கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ, தக்காளியோ, ஆரஞ்சுச் சுளையோ சேர்த்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை தரவேண்டிய இரும்புச் சத்து மருந்து சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இங்கேதான் மாலைத் தேநீர் குறுக்கே வருகிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. தேயிலையால் வாழும் ஊர் நம்முடையது. தேயிலையைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. பெரியவர்கள் குடிக்கட்டும். குழந்தைக்கு மட்டும் வேண்டாம். வர்க்கியும் பன்னும் மைதாவும் சர்க்கரையும்தான். அவை வயிற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பருப்புக்கு இடமேது?

நம் மலையில் விளைவதைக் கணக்குப் பார்த்தால் குழந்தை உணவுக்குக் கடைக்கே போக வேண்டாம் போலிருக்கிறது. கேத்திப் பாலாடாவில் கழுவி மூட்டை கட்டப்படும் கேரட் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக எங்கெங்கோ போகிறது. அதை விளைவித்த வீட்டுக் குழந்தையின் கிண்ணத்துக்கு ஒரு துண்டு வருவதில்லை. கண்ணுக்கு நல்லதென்று நாம் மனப்பாடம் செய்த 'ஏ' உயிர்ச்சத்து அதில்தான். வேகவைத்து மசித்து, கொஞ்சம் எண்ணெயோடு தர வேண்டும். கொழுப்பு இல்லாவிட்டால் அச்சத்து சேராது. பச்சைக் கேரட் துண்டைக் கையில் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பருப்போடு பிசைந்தால் நல்ல உணவு. பர்லியார்ப் பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட் வெண்ணெயைப் போலவே கரையும், சமைக்கவே வேண்டாம். கூடலூர்ப் பக்கத்து வீடுகளில் நேந்திரங்காயைச் சீவிக் காயவைத்து அரைத்த மாவில் கஞ்சி வைப்பார்கள். நல்ல வழக்கம்தான், அதோடும் பருப்போ முட்டையோ வேறு வேளையில் வேண்டும்.

"வாழைப்பழம் சளி பிடிக்கும், தயிர் சளி பிடிக்கும், ஆரஞ்சு சளி பிடிக்கும்" என்பது இந்தக் குளிர் ஊரில் நாம் தினம் கேட்பது. பாட்டிமாரோடு வாதாடி வெல்ல முடியாது என்பது எங்கள் அனுபவம். சளி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமியால் வருவது. அறையை மூடிக்கொண்டு கரி அடுப்பு மூட்டினால் அந்தப் புகை அதை மோசமாக்கும். பழத்துக்கு இதில் பங்கில்லை. ஆனாலும் பாட்டியின் மனம் நிம்மதியாக இருக்கட்டும்; வெயில் ஏறிய பதினொரு மணிக்கு, குளிர்ந்திராத பழமாகப் பார்த்துப் பிசைந்து கொடுக்கலாம். பழம் குழந்தை வயிற்றுக்குள் போனால் சரி.

மலைக்கே உரிய இன்னொரு செய்தி. உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்லாமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் கீழ்நாட்டில் அரைமணியில் குழையும் துவரம்பருப்பு இங்கே நின்றுகொண்டே இருக்கிறது. வேகாத பருப்பு குழந்தை வயிற்றில் பொருமும். "பருப்பு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பருப்பன்று, வேக்காடு! முன்னிரவே ஊறவைத்துக் குக்கரில் வைத்தால் தீர்ந்தது. பாசிப்பருப்பு இன்னும் எளிது. குடிநீரும் கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

வேண்டாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஓராண்டு ஆகும்வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை சிறு குழந்தையை முடக்கிவிடும். அதே காலத்தில் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை; உப்பில்லாமல் எப்படி உண்ணும் என்று நமக்குத்தான் கவலை, குழந்தைக்கு இல்லை. முழு வேர்க்கடலை, பட்டாணி, முறுக்கு முதலியன மூச்சுக்குழலில் சிக்கும்.

தோட்டத்து வேலைக்குப் போகும் தாய்க்கு இதெல்லாம் முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்கள் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகளுக்கான காப்பிடம் வைக்க வேண்டும் என்று விதித்ததே இந்தக் கஷ்டத்தை உணர்ந்துதான். ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரு நாளை இப்படி வகுத்துப் பார்த்தோம். விடியற்காலை தாய்ப்பால். இலை பறிக்கப் போகுமுன் முளைராகிக் கஞ்சி அரைக் கிண்ணம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. பத்து, பதினொரு மணிக்கு மசித்த வாழைப்பழம் பாதி. பகலில், வீட்டுக்கு வடித்த சோற்றிலிருந்து மூன்று கரண்டி, குழைந்த பருப்பு இரண்டு கரண்டி, கேரட்டோ கீரையோ ஒரு கரண்டி, நெய் கொஞ்சம். மாலையில், பள்ளி விட்டு வந்த அக்கா தரும் வேளை: வெந்த முட்டை பாதி, அல்லது அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவை வெந்நீரில் பிசைந்து ஓர் உருண்டை. இரவு இட்லி ஒன்று, பருப்பில் ஊறவைத்து, பின் தாய்ப்பால். இதில் தனியாகச் சமைக்க வேண்டியது காலைக் கஞ்சி ஒன்றுதான். சமைத்ததை மூடி வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். ஊட்டுமுன் நம் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

ஊட்டுவதற்குப் பொறுமை வேண்டும். புதிய உணவைக் குழந்தை துப்பினால் பிடிக்கவில்லை என்று பொருளில்லை. நாக்கு அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. எட்டுப் பத்து முறை கொடுத்தபின் ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது கூடவே கூடாது. வாயை இறுக மூடித் தலையைத் திருப்பினால் போதும் என்று பொருள். நிலாவையும் காக்கையையும் காட்டி ஊட்டிய காலம் போய்க் கைப்பேசியைக் காட்டி ஊட்டும் காலம் வந்திருக்கிறது. காக்கைக்காவது குழந்தை ஒரு வாய் போடும்.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் சோற்றை நிறுத்துவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அது தவறு. வயிற்றுப்போக்கில் உப்பு-சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும், கூடவே பிசைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தர வேண்டும். குணமானபின் இரண்டு வாரம் வழக்கத்துக்கு மேல் ஒரு வேளை கூடுதலாகத் தர வேண்டும். இழந்த எடையைக் குழந்தை அப்போதுதான் மீட்கும்.

குழந்தைக்குப் போதுமான உணவு போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கன்னத்தைப் பார்த்தோ அழுகையைக் கேட்டோ அன்று, தராசில் வைத்து. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ் நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதைத்தான் செய்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்து, ஏறியதும் நிறுத்திக்கொண்டது. அங்கன்வாடியில் இன்றும் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். சென்ற மாதப் புள்ளிக்கு இந்த மாதப் புள்ளி மேலே இருந்தால் சரி. ஒரே மட்டத்தில் நின்றாலே கேட்க வேண்டும்; கீழே இறங்கும்வரை காத்திருக்கக்கூடாது. கஞ்சிக் கணக்கு முடிந்த மறுநாள், அந்த மூவரில் ஒருத்தி தம்பியின் அட்டையைப் புத்தகப் பைக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தாள். மூன்று புள்ளிகள் ஒரே வரிசையில் இருந்தன. அன்று மாலை அவளுடன் இருவர் துணைக்குப் போய், பாட்டியின் எதிரில் இரண்டரைக் கரண்டி மாவு அளந்து போட்டுக் கஞ்சி கிண்டினோம்.